வண்டி எங்கே நின்றது?

"ஆன்டி, எனக்கு மலேரியா ஆன்டிபாடி நெகட்டிவ்னு வந்திருக்கு. இதை ஏத்தறதுக்கு என்ன சாப்பிடலாம்?"

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வாசலில் நின்று இப்படிக் கேட்டவர் எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் வெங்கடேஷ். நல்ல மனிதர், பெரிய கம்பெனியில் பெரிய வேலை. தினமும் எங்கள் பெங்களூர் காக்ஸ் டவுன் தெருக்களை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, எத்தனை அடி நடந்தார் என்பதைக் கைக்கடிகாரத்தில் எனக்குக் காட்டுவார். நான் கேட்காமலேயே காட்டுவார்.

அன்று அவர் கையில் இருந்தது பளபளப்பான ஒரு தாள். 'எதிர்ப்புச் சக்தி பேக்கேஜ்' என்று மேலே தங்க நிறத்தில் அச்சடித்திருந்தார்கள். கீழே வரிசையாக நோய்களின் பெயர்கள். எந்த நோய்க்கு உடம்பில் ஆன்டிபாடி இருக்கிறதோ அதற்கு எதிரே பச்சை டிக், இல்லாததற்குச் சிவப்புப் பெருக்கல் குறி. மலேரியாவுக்கு எதிரே அவருக்குச் சிவப்பு. அவர் மனைவிக்கும் சிவப்பு. கணக்குப் பாடத்தில் தோற்றுப்போன பையனின் முகத்தோடு நின்றார் மனிதர்.

மலேரியா எதிர்ப்புச் சக்தியை ஏற்றுவதற்கு எனக்குத் தெரிந்து ஒரே வழிதான் உண்டு. மலேரியா உள்ள காட்டுப் பக்கம் போய், வருடக்கணக்கில் கொசுக்கடி வாங்கி, காய்ச்சலில் கிடந்து, அதில் சாகாமல் எழுந்து வர வேண்டும். பப்பாளி இலைச் சாறோ மஞ்சள் பாலோ கைகொடுக்காது. இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "இருங்க, வர்றேன்" என்று உள்ளே போனேன். எதை எடுத்துவரப் போனேன் என்பது புரிய வேண்டுமானால் லதாவையும் பிரபுவையும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நான் வேலை பார்த்த மருத்துவமனை தன் வெள்ளிவிழா மலருக்கு ஒரு கட்டுரை கேட்டிருக்கிறது. "மேடம், உங்க அனுபவத்தை ஜாலியா எழுதிக் குடுங்க" என்றாள் அங்கே இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண். எழுதிவிட்டேன். இதை அவர்கள் அச்சிட மாட்டார்கள். மலரில் இயக்குநரின் புகைப்படத்துக்கே இடம் போதாதாம்.

படித்த கதையை நீட்டப்போவதில்லை. இதே ஊரில் எம்.பி.பி.எஸ்., பிறகு நோய்க்குறியியல், அதன்பின் முப்பது வருடத்துக்கும் மேலாக ஒவ்வொரு மருத்துவமனையாக ரத்த வங்கி வேலை. எனக்குப் பாடம் சொன்ன பேராசிரியையிடம் ஒரு வழக்கம் இருந்தது. நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு "பாசிட்டிவ் மேடம்" என்று யாராவது சொன்னால் கண்ணாடித் துண்டைப் பிடுங்கிக்கொள்வார். "நீ என்ன பாத்தேன்னு சொல்லு. அது என்னன்னு அப்புறம் பேசலாம்" என்பார். வட்டமாக இருந்தது, ஓரத்தில் புள்ளி இருந்தது, பக்கத்துச் செல்லைவிடச் சிறியதாக இருந்தது, இப்படிச் சொல்ல வேண்டும். அந்த அம்மாவிடம் நான் வாங்கிய திட்டுகளை வைத்துத்தான் மிச்ச வாழ்க்கையை ஓட்டினேன்.

அப்படிப்பட்டவரிடம் பழகிவிட்டு, கடைசியில் டாக்டர் சம்பத்திடம் வந்து மாட்டினேன்.

சம்பத் எங்கள் மருத்துவமனையின் இயக்குநர். அவர் மோசமானவர் இல்லை என்று எழுதுவதுதான் மரியாதை. மரியாதைக்காக எழுதுகிற வயதை நான் தாண்டிவிட்டேன். மருத்துவம் படித்தவர்தான், ஆனால் நோயாளியைத் தொட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. அவர் மேசையில் ஒரு தாளும் இருக்காது. மேசை காலியாக இருந்தால் மூளை தெளிவாக இருக்கும் என்று எங்களுக்கு உபதேசம் செய்வார். மேசையைப் பற்றி அவர் சொன்னது உண்மை, காலியாகத்தான் இருந்தது. நாம் பேச ஆரம்பித்தால் முதல் வாக்கியம் வரை சிரித்த முகமாகக் கேட்பார். இரண்டாவது வாக்கியத்தில் போக்குவரத்துப் போலீஸ்காரர் மாதிரி உள்ளங்கையைத் தூக்குவார்.

"சிம்பிளா சொல்லுங்க மேடம். பாசிட்டிவ்வா, நெகட்டிவ்வா?"

எல்லாவற்றுக்கும் இதுதான் கேள்வி. கேன்டீன் சாம்பார் ஊசிப்போய்விட்டது என்று புகார் சொன்னாலும் இதையேதான் கேட்பார் என்று நர்சுகள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். இந்த உலகம் அந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடும் என்று மனதார நம்பினார்.

அவர் கொண்டுவந்ததுதான் 'காய்ச்சல் பேக்கேஜ்'. யார் காய்ச்சலோடு வந்தாலும் ஒரே குழாய் ரத்தம், ஒரே சீட்டு, எல்லா நோய்க்கும் முடிவு. மலேரியாவுக்கு அதில் ஒரு அட்டை வைத்தார். ஒரு சொட்டு ரத்தம் விட்டால் கோடு விழும் அட்டை. மலேரியாக் கிருமியைத் தேடும் அட்டைகளும் உண்டு. இது அதுவல்ல. கிருமியை எதிர்க்க உடம்பு செய்துகொள்ளும் ஆன்டிபாடியைத் தேடுவது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குப் புரியவில்லை, அல்லது புரிந்துகொள்ள இரண்டு வாக்கியத்துக்கு மேல் ஆகும் என்பதால் வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

ஆன்டிபாடி என்பது வீட்டில் திருடு போன பிறகு வாங்கி மாட்டுகிற பூட்டு மாதிரி. திருடன் முதல்முறையாக வீட்டுக்குள் நுழைந்திருக்கும்போது கதவில் பூட்டு இருக்காது. அந்த நேரத்தில் வாசலில் நின்று "பூட்டு இல்லையே, ஆகவே உள்ளே திருடன் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவனை என்னவென்று சொல்வது? எங்கள் ஆஸ்பத்திரியில் அவனை இயக்குநர் என்று சொன்னோம். நான் எதிர்த்துப் பேசிப் பார்த்தேன். உள்ளங்கை உயர்ந்தது. சரி, அந்த அட்டை என் ரத்த வங்கியின் வாசற்படியை மிதிக்கக் கூடாது என்றேன். அதற்கு மட்டும் ஒத்துக்கொண்டார். தானமாக வருகிற ரத்தத்தில் நாங்கள் கிருமியையே தேடுவோம்.

இந்த ஏற்பாடு நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் ஒரு நாள் காலை என் மேசைக்கு அந்தச் சீட்டு வந்தது. லதா என்ற பெண்ணுக்கு பி நெகட்டிவ் ரத்தம் ஒரு பை வேண்டும் என்று வார்டிலிருந்து எழுதியிருந்தார்கள்.

பி நெகட்டிவ் லேசில் கிடைக்காத ரத்தம். அதனால் பெயர் நினைவிருந்தது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஊருக்கு வெளியே ஓசூர் ரோட்டில் இருக்கும் சந்தாபுராவிலிருந்து வந்த இதே பெண்ணுக்கு எங்களிடம் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். ரத்தப்போக்கு நிற்கவில்லை. எங்கே தேடியும் பி நெகட்டிவ் அகப்படாமல் திண்டாடியபோது, அவள் கணவனின் தம்பி பிரபுவுக்கு அதே வகை என்று தெரிந்து, அவன் ஒரு பை கொடுத்தான். கிருமி சோதனையில் சுத்தம் என்று வந்தது, ஏற்றினார்கள், பெண் பிழைத்து வீட்டுக்குப் போனாள். இப்போது காய்ச்சலோடு திரும்பி வந்திருக்கிறாள். உடம்பில் பாதி ரத்தம் இல்லை.

வார்டுக்குப் போன் போட்டேன். எடுத்தவள் டாக்டர் காவ்யா, சின்னப் பெண், கன்னடக்காரி, என்னோடு தமிழில்தான் பேசுவாள்.

"காவ்யா, எங்கியாவது ரத்தம் போகுதா?"

"இல்ல மேடம். தையல் எல்லாம் நல்லா ஆறியிருக்கு."

"அப்புறம் ரத்தம் எங்க போச்சு?"

"ஆபரேஷன் இன்ஃபெக்ஷன்தான் மேடம். ஆன்டிபயாடிக் மாத்திட்டோம். ஆனா குறையவே மாட்டேங்குது. எனக்கு பயமா இருக்கு."

"மலேரியா பாத்தீங்களா?"

"பேக்கேஜ்லயே வந்திருச்சு மேடம். நெகட்டிவ்."

நான் மாடிக்குப் போனேன். லதா இரண்டு கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் மஞ்சள் ஓடியிருந்தது, உதட்டில் நிறமே இல்லை. பற்கள் அடித்துக்கொண்டதில் பேச்சு துண்டு துண்டாக வந்தது.

"மேடம், பாப்பாவுக்குப் பால் குடுக்கலாமா? இந்தக் காய்ச்சல் அதுக்கு ஒட்டிக்குமா?"

அவள் கேட்டது அதை மட்டும்தான். தான் பிழைப்போமா என்று கேட்கவில்லை. 

"எங்கம்மா போயிருந்தே, கொஞ்ச நாளைக்கு முன்னாடி?"

"எங்க மேடம் போறது? கல்யாணத்துக்கு முன்னாடி ஓசூரு, இப்ப சந்தாபுரா. அவ்வளவுதான்."

வெளியே வராந்தாவில் பிரபு பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். திடகாத்திரமான ஆள். எத்தனை முறை குளித்தாலும் போகாத செம்மண் அவன் காது மடிப்பில் இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து சட்டைக் கையை மடித்துவிட ஆரம்பித்தான்.

"இன்னும் ரத்தம் வேணுமுங்களா மேடம்? எடுத்துக்கோங்க. அண்ணிக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுங்க."

"இரு தம்பி. அன்னைக்கு ரத்தம் குடுக்க வர்றதுக்கு முன்னாடி நீ எங்க இருந்தே?"

"வண்டீலதானுங்க."

"என்ன வண்டி?"

"போர் வண்டிங்க. ரிக்குங்க."

"வண்டி எங்க நின்னுச்சு?"

"அப்பங்களா? சத்தீஸ்கர்ல, காட்டுக்குள்ளாறங்க. அண்ணிக்கு நாள் கிட்ட வந்துருச்சுன்னு அண்ணன் போன் பண்ணாருங்க. ரயிலேறி வந்துட்டனுங்க."

"எங்க ஆளுங்க உன்னை வெளியூர் போனியான்னு கேக்கலையா?"

"கேட்டாங்க. இல்லீங்க, வண்டீலதான் இருந்தேன்னு சொன்னனுங்க."

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆழ்துளைக் கிணறு லாரிகளை அறிந்தவர்களுக்கு இது தெரியும். அந்த லாரி நாடு முழுக்கப் போகும், மாதக்கணக்கில் திரும்பாது. அதிலேயே சமையல், அதன் அடியிலேயே படுக்கை. பிரபுவுக்கு வண்டிதான் ஊர். வெளியூர் போவது என்றால் வண்டியை விட்டு இறங்கி ஒரு கல்யாணத்துக்கோ பழனிக்கோ போவது. தானம் கொடுப்பவரிடம் கேள்வி கேட்டு எழுதும் எங்கள் ஆஷாவோ, வண்டியில் இருந்தேன் என்றால் டெம்போ ஓட்டுகிறான் என்று நினைத்து 'டிரைவர்' என்று எழுதிக்கொண்டாள். பெங்களூரில் வண்டி என்றால் வேறு என்ன நினைப்பாள்?

"உனக்குக் காய்ச்சல் வருமா?"

"காய்ச்சல்னா படுக்கோணுமுங்க. வண்டிக்குப் போன புதுசுல ரெண்டு மூணு வருசம் போட்டுத் தள்ளுச்சுங்க. சாகப் பொழைக்கக் கிடந்தனுங்க. அப்புறம் ஒண்ணும் பண்றதில்லீங்க. மேலு கொஞ்சம் காயும், ஒருக்கா வேர்த்துட்டா சரியாப் போயிருமுங்க."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. திரும்பத் திரும்ப மலேரியா வந்து பிழைத்த உடம்பு கிருமியை விரட்டிவிடுவதில்லை. அதைத் தலைதூக்க விடாமல் அமுக்கி வைத்துக்கொள்ளும். கிருமியும் ரத்தத்தில் ஒரு மூலையில் கிடக்கும், ஆளும் கல் உடைப்பான். எங்கள் சோதனையில் பிடிபடாத அளவுக்குக் கொஞ்சமாக அது பிரபுவின் ரத்தத்தில் இருந்திருக்கிறது. அவனுக்குள் இருந்தவரை அவனுடைய ஆன்டிபாடி அதைக் காவல் காத்தது. பையில் ஏறி லதாவுக்குள் போனதும் அங்கே காவலே இல்லை. மலேரியாவையே அறியாத ஒரு சந்தாபுரா உடம்பில் அது இஷ்டத்துக்குப் பெருகியது.

நேராக சம்பத்தின் அறைக்குப் போனேன்.

"சார், வார்டுல இருக்கற லதாவுக்கு மலேரியா. நாம ஏத்தின ரத்தத்துல போயிருக்கு."

முகத்தில் சிரிப்பு போய்விட்டது. கை உயர்ந்தது.

"மேடம், நம்ம பேங்க் ரத்தம் டெஸ்ட் பண்ணினது. டோன்ட் சே சச் திங்ஸ். பேஷண்ட் பாசிட்டிவ்வா, நெகட்டிவ்வா?"

"உங்க அட்டையில நெகட்டிவ். முதல் தடவை வர்ற காய்ச்சல்ல அது அப்படித்தான் காட்டும் சார். அவ உடம்பு இன்னும் ஆன்டிபாடியே..."

"ரத்தம் குடுத்தவரு?"

"அதே அட்டையில பாத்தா அவனுக்கு பாசிட்டிவ்னு வரும். ஆனா அதுக்கு அர்த்தம்..."

"பாத்துருவோம்" என்றார். அர்த்தம் அவருக்குத் தேவைப்படவில்லை.

பிரபுவின் விரலில் குத்தி அட்டையில் விட்டார்கள். பளிச்சென்று கோடு விழுந்தது. இயக்குநரின் முகம் மறுபடி மலர்ந்தது.

"பாருங்க. அவருக்குத்தான் மலேரியா. அவரை அட்மிட் பண்ணுங்க. எதுக்கு மேடம் அந்தம்மாவைப் போட்டுக் குழப்பறீங்க? லெட்ஸ் பி பாசிட்டிவ்."

நான் இட்டுக்கட்டவில்லை. என் கண் முன்னால் நடந்தது. நல்லாயிருந்த பிரபுவுக்கு ஆஸ்பத்திரி உடுப்பு மாட்டி, கட்டிலில் படுக்க வைத்து, கையில் ஊசிக் குழாய் சொருகினார்கள். காய்ச்சல் பார்த்தார்கள், இல்லை. அரை மணிக்கு ஒருதரம் பார்த்தார்கள், அப்போதும் இல்லை. "மேடம், எனக்கு ஒண்ணுமில்லீங்க, பசிதானுங்க எடுக்குது" என்று கெஞ்சினான். தட்டு நிறைய இட்லி வந்தது, சாப்பிட்டான். சுவருக்கு அந்தப் பக்கம், பெண்கள் வார்டில், அவன் அண்ணி செத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நெகட்டிவ்.

இயக்குநருக்கு ஒன்று தெரியாது. ரத்தம் கேட்டுச் சீட்டு அனுப்பும்போது, பொருத்தம் பார்ப்பதற்காக நோயாளியின் ரத்தத்தையும் ஒரு குழாயில் எங்களுக்கு அனுப்புவார்கள். லதாவின் ரத்தம் என் மேசையிலேயே இருந்தது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

கண்ணாடித் துண்டைத் துடைத்து ஒரு சொட்டு வைத்தேன். இன்னொரு துண்டின் விளிம்பால் அதைத் தொட்டு, சொட்டு விளிம்பு நெடுக ஓடிப் பரவும்வரை பொறுத்து, ஒரே இழுப்பில் முன்னால் தள்ளினேன். இந்த இழுப்பில் கை தயங்கினால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும், அழுத்தினால் கிழிந்துவிடும். விரித்த ரத்தத்தின் நுனி நாக்கு வடிவத்தில் மெலிந்து முடிய வேண்டும். முடிந்தது. காற்றில் ஆட்டிக் காயவைத்தேன். ஊதிக் காயவைத்தால் என் பேராசிரியை கையில் அடிப்பார். சாயம் ஊற்றினேன். சாயம் பிடிக்கிற நேரம் வரைக்கும் ஒன்றும் செய்ய முடியாது, காத்திருக்கத்தான் வேண்டும். அந்த நேரத்தில் நான் ஜெபம் செய்யவில்லை. சம்பத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன், வாய்விட்டே.

கழுவி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, குனிந்து பார்த்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. சிவப்பணுக்களுக்குள் நீல வளையங்கள், ஒவ்வொரு வளையத்திலும் சிவப்புக் கல் பதித்த மாதிரி ஒரு புள்ளி. ஒரே அணுவுக்குள் இரண்டு வளையம் இருந்த இடங்களும் உண்டு. பார்வையை எங்கே நகர்த்தினாலும் அவைதான்.

காவ்யாவைக் கூப்பிட்டேன். ஓடி வந்து குனிந்தாள்.

"என்ன பாக்கறே, சொல்லு."

"அய்யோ தேவ்ரே" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டாள். அப்படியே மாடிக்கு ஓடினாள். இயக்குநரைக் கேட்கவில்லை. மலேரியா ஊசி அடுத்த சில நிமிடங்களில் லதாவின் நரம்பில் ஏறிக்கொண்டிருந்தது. காவ்யா நல்ல டாக்டர் என்று அன்று முடிவு செய்தேன்.

செய்தி கேட்டு சம்பத் என் அறைக்கு வந்தார். நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தேன். நுண்ணோக்கியில் ஒரு கண்ணை வைத்தார், மாற்றி மறு கண்ணை வைத்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டார்:

"இது பாசிட்டிவ்வா?"

"ஆமா சார்" என்றேன். "பாசிட்டிவ்."

லதா பிழைத்தாள். லேசில் இல்லை. சிறுநீர் கறுத்துப் போய், ஒரு நாள் முழுக்க யாரையும் அடையாளம் தெரியாமல் கிடந்து, வேறு ஆட்களின் ரத்தம் இன்னும் இரண்டு பை ஏறி, மெல்ல மெல்லத்தான் எழுந்தாள். எழுந்து உட்கார்ந்ததும் நடந்ததை நான்தான் இருவருக்கும் சொன்னேன். வேறு யாரும் சொல்ல முன்வரவில்லை. பிரபு தேம்பித் தேம்பி அழுதான்.

"என் ரத்தமே அண்ணிக்கு வெசமாப் போயிருச்சுங்களே."

"அட போ பிரபு" என்றாள் லதா. "உன் ரத்தம் இல்லைன்னா நான் அன்னைக்கே போயிருப்பேன். இப்ப என்ன, உயிரோட உக்காந்துதானே இருக்கேன்?"

பிரபுவுக்கும் மாத்திரை கொடுத்து, அவனுக்குள் மிச்சம் இருந்ததை ஒழித்தோம். அனுப்பும்போது அவனை உட்கார வைத்துச் சொன்னேன். "தம்பி, உன் உடம்புல இருக்கறது ஒரு பூட்டு. வண்டியில இருந்தவரைக்கும் தினமும் திறந்து மூடினே, நல்லா வேலை செஞ்சது. காட்டை விட்டு வந்து வருசக்கணக்கா சும்மா தொங்கினா துருப்பிடிச்சிரும். பாக்கறதுக்குப் பூட்டு மாதிரியே இருக்கும், ஆனா எவன் இழுத்தாலும் திறந்துக்கும். மறுபடி வண்டிக்குப் போனா நீ புது ஆள்னு நினைச்சுக்க. கொசுவலை இல்லாம படுக்காதே. காய்ச்சல்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி." சரிங்க மேடம், சரிங்க மேடம் என்று தலையாட்டினான். லதா அவனைத் திரும்ப வண்டிக்கு விடவில்லை. சந்தாபுராவிலேயே மோட்டார் பம்பு பழுதுபார்க்கும் கடையில் சேர்த்துவிட்டாள்.

ரத்த வங்கியில் நாங்கள் கேள்வியை மாற்றினோம். வெளியூர் போனீர்களா என்பதை அடித்துவிட்டு, என்ன வேலை, எங்கே படுத்துத் தூங்கினீர்கள், வண்டி வேலை என்றால் வண்டி எங்கே நின்றது என்று கேட்கச் சொன்னேன். சிம்பிளாக இல்லை என்றார் சம்பத். பிறகு ஏதோ ஒரு குழு பார்வையிட வந்தபோது, தானே யோசித்துக் கொண்டுவந்த மாற்றம் என்று அவர்களிடம் காட்டினார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கைதட்டவில்லை.

பிறகு ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், கேக் வெட்டினார்கள், நான் ஒரு தாய் மாதிரி என்றார் இயக்குநர். அவரைப் பெற்றிருந்தால் படிக்க வைத்திருப்பேன்.

காவ்யாவும் மற்றவர்களும் சேர்ந்து சண்டை போட்டு, காய்ச்சல் பேக்கேஜிலிருந்து அந்த ஆன்டிபாடிச் சோதனையைத் தூக்கிவிட்டார்கள். ஒழிந்தது என்று நினைத்தேன். சம்பத்தைக் குறைவாக எடை போட்டுவிட்டேன். உலகமெல்லாம் இம்யூனிட்டி இம்யூனிட்டி என்று அலைய ஆரம்பித்தபோது, தூக்கியெறிந்த அதே சோதனையைத் தூசி தட்டி எடுத்து 'எதிர்ப்புச் சக்தி பேக்கேஜ்' என்று பெயர் வைத்தார். அதே ரத்தம், அதே கோடு. முன்பு கோடு விழுந்தால் வியாதி என்று கட்டிலில் படுக்க வைத்தார். இப்போது கோடு விழுந்தால் சக்தி என்று பச்சை டிக் போட்டுக் கொடுத்தார். முகாம் முகாமாக ஊரைச் சுற்றி நடத்தினார்கள்.

சந்தாபுராவிலும் ஒரு முகாம் போட்டார்கள். பம்பு கடையிலிருந்து பிரபு போயிருக்கிறான். வண்டி எங்கே நின்றது, எப்போது நின்றது என்று அவனை யாரும் கேட்கவில்லை. பேக்கேஜில் கேள்வி கிடையாது. மலேரியாவுக்கு எதிரே பச்சை டிக். முடிவு அச்சிட்டுக் கொடுத்த அட்டையை உறை போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கொஞ்ச நாளில் பழைய ரிக் முதலாளி ஆள் போதவில்லை என்று கூப்பிட்டார். லதா தடுத்தாள். "டாக்டரே எழுதிக் குடுத்துட்டாங்க அண்ணி, எனக்கு எதிர்ப்பு சக்தி இருக்குதாம்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினான்.

காட்டுக்குள் கொசுவலையை எடுக்கவே இல்லையாம். காய்ச்சல் வந்தபோது கூட இருந்தவர்கள் டவுனுக்குப் போகலாம் என்றிருக்கிறார்கள். இது எனக்குப் பழகினதுதான், ஒருக்கா வேர்த்தால் போய்விடும் என்று அட்டையை எடுத்துக் காட்டியிருக்கிறான். வண்டிக்கு அடியிலேயே படுத்திருக்கிறான். வேர்க்கவில்லை. பேச்சு குழறிய பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலை எட்டும்போது உயிர் இல்லை.

லதா காக்ஸ் டவுனுக்கு என் வீடு தேடி வந்தாள். கூடவே அந்தக் குழந்தை, இப்போது பள்ளிக்கூடம் போகிற பெண். லதா அழவில்லை. அட்டையை என் முன்னால் வைத்தாள்.

"மேடம், இதுல இருக்குன்னுதானே போட்டிருக்கு. இருந்தா எப்படிச் செத்தான்?"

அவனுக்குச் சொன்னதையே அவளுக்கும் சொன்னேன். பூட்டு, துரு, எல்லாம். பொறுமையாகக் கேட்டாள்.

"அப்போ, பூட்டு தொங்கறதைப் பாத்துட்டு வீடு பத்திரம்னு எழுதிக் குடுத்துட்டாங்க. இழுத்துப் பாக்கல."

"ஆமாம்மா."

"நீங்க சொன்னதை அவன் எங்கிட்ட சொல்லிட்டுத்தான் இருந்தான் மேடம். இந்தச் சீட்டு வந்த அன்னைக்கு நிறுத்திட்டான்."

போகும்போது அட்டையை எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் வைத்தால் மாமியார் எடுத்து எடுத்துப் பார்த்து அழுகிறாராம். "நீங்களே வச்சுக்குங்க" என்றாள். என் மேசை இழுப்பறையில் போட்டு வைத்தேன். ஆத்திரம் வரும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பேன். சம்பத்தின் கையெழுத்து அச்சில் அழகாக விழுந்திருக்கிறது.

அன்று ஞாயிற்றுக்கிழமை உள்ளே போய் நான் எடுத்துவந்தது அதைத்தான். வெங்கடேஷின் கையில் கொடுத்தேன். அவருடைய தாளும் இதுவும் ஒரே அச்சு, ஒரே தங்க எழுத்து. வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தார். மலேரியா வரிக்கு வந்ததும் அவர் விரல் நின்றது. செய்தி உறைத்துவிட்டது, இனி இது யார் என்று கேட்பார், சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"இவருக்குப் பச்சை டிக் வந்திருக்கே ஆன்டி!" என்றார் பொறாமையோடு. "இவர் என்ன சாப்பிட்டார்?"

"மண்ணு" என்றேன். அட்டையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.